என் வாயில் வேறொருத்தியின் குரல்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து மழை. சந்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெட்ரோ வரை நடை. யாரும் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, அரசியல் பேசிக்கொண்டே போகிறார்கள்.

கொல்கத்தா வந்து மூன்று மாதம். இன்னும் பழகாதவை:

– பருப்பில் சர்க்கரை.
– கடுகெண்ணெய் நெடி. தலையணை உறையில்கூட.
– மத்தியானம் கடையை அடைத்துவிட்டுத் தூங்குவது.
– தண்ணீரையும் சிகரெட்டையும் "சாப்பிடுவது". வங்காளிப் பேச்சில் வாய்க்குள் போகிற எல்லாமே சாப்பாடுதான்.
– "மதராசி". கோவில்பட்டி எங்கே, மதராஸ் எங்கே என்று விளக்கினால், "ஒரே பக்கம்தானே" என்கிறார்கள்.

பழகியது ஒன்றே ஒன்று. மண்குவளை டீ.

டாலிகஞ்சில் எங்கள் ஆங்கிலப் பயிற்சி நிலையம், இரண்டாவது மாடி. முதலாளி சென் சார் இன்று கூப்பிட்டார். (முழுதாக எழுதக் கை வலிக்கிறது. இனி செ. சார்.) வியாழக்கிழமை விளம்பரப் படம் எடுக்கிறார்களாம். என் மாலை வகுப்பைத்தான் எடுக்கப் போகிறார்களாம். காட்டன் புடவை கட்டி வரவேண்டும். திரையில் "பூஜா மேடம்" என்று போட்டுக்கொள்ளலாமா, பொற்கொடி யார் வாயிலும் நுழையவில்லை என்றார். நுழையும் வரை சொல்லிப் பார்க்கட்டும் சார், ஆங்கிலம் படிக்க வந்தவர்கள்தானே என்றேன். டீயை உறிஞ்சிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

செருப்பு இன்னும் காயவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

வகுப்பில் இன்று ஒரு சிரிப்பு. பலகையில் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போனேன். நான் "எம்" என்பதை "யெம்" என்கிறேனாம். வங்கியில் வேலை செய்யும் தத்தா தொடங்கி வைத்தார், பின்வரிசை முழுவதும் பிடித்துக்கொண்டது. காது சுட்டது. அவர்களில் பாதிப் பேர் "வெரி" என்பதை "பெரி" என்கிறார்கள். "ஸீ" கேட்டால் "ஷீ" வருகிறது. நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

சும்மா விடவில்லை. பலகையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் என் வாயின் கோளாறுகள், மறுபக்கம் அவர்களுடையவை. தத்தாவைக் கூப்பிட்டு இரண்டையும் வாசிக்கச் சொன்னேன். அவர்கள் பக்கம் நீளம். அதன்பிறகு அமைதியாகப் பாடம் நடந்தது.

சிரிக்காத ஒருத்தி ஷர்மிஷ்டா. நர்ஸ். ஹவுராவிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்து வருகிறாள். கணவன் அங்கே ஒரு லேத் பட்டறையில். வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். எழுத்து, வாசிப்பு எல்லாம் தேறிவிட்டாள், பேச்சில் மட்டும் தோற்றாள். எதிரே ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்டதும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. மாதக் கடைசியில் மறுபடி தேர்வு. இதுவரை வகுப்பில் மூன்று வாக்கியத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

ஜூலை 17, வியாழன்

படப்பிடிப்பு. இரண்டு பேர், ஒரு காமிரா, சட்டையில் குத்துகிற மைக். வியர்வையில் புடவை ஒட்டிக்கொண்டது. ஏ.சி. ஓடினால் சத்தம் வருமாம், அணைத்துவிட்டார்கள்.

நடிக்க வராது, பாடம்தான் நடத்துவேன் என்று சொல்லிவிட்டு நடத்தினேன். "நீங்கள் பயந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்." தத்தா நாய் கதை சொன்னார். பிறகு, நான் கேட்காமலே ஷர்மிஷ்டா எழுந்தாள்.

பயிற்சி நர்ஸாக முதல் வாரம். வார்டில் ஒரு பெரியவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே இறந்துபோயிருக்கிறார். விரல்களைப் பிரிக்க வரவில்லை. கூப்பிடவும் குரல் வரவில்லை. யாராவது வரும்வரை அப்படியே நின்றாளாம். "ஹி டிட் நாட் லீவ் மை ஹேண்ட்" என்றாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் நிறுத்தவில்லை. அதன்பிறகு இறந்தவர்களிடம் பயம் போய்விட்டது, உயிரோடு இருப்பவர்கள் கேள்வி கேட்டால்தான் பயம் என்று முடித்தாள். இலக்கணத்தில் ஓட்டைகள் உண்டு. எண்ண மறந்துபோனேன்.

வகுப்பு கைதட்டியது. தத்தாவும்.

காமிராக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு ரசகுல்லா. எனக்கே எனக்கு.

ஜூலை 20, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. துணி துவைப்பு. லேக் மார்க்கெட் போய் இட்லி மாவு, கறிவேப்பிலை, புளி. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கம். பாக்கிச் சில்லறைக்குப் பதிலாக ஒரு கொத்து மல்லி தந்து, "ஊர்ப் பேச்சு கேட்டு நாளாச்சுக்கா" என்றார். அவர் மகள் கல்லாவில் உட்கார்ந்து வங்காளியில் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரம்மா மாஷிமா இலிஷ் மீன் கொண்டுவந்தார். மாஷிமா என்றால் சித்தி. தெரு முழுக்க அவருக்கு அக்கா மகன்களும் மகள்களும்தான். மழைக்காலத்தில் இலிஷ் சாப்பிடாதவள் மனுஷியே இல்லை என்பது அவர் கட்சி. அவர்கள் முறையில் கடுகு அரைத்து வைத்தால் எனக்கு இறங்காது. புளி ஊற்றி, சின்ன வெங்காயம் போட்டு, எங்கள் ஊர்க் குழம்பு வைத்தேன். மாஷிமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இலிஷில் புளியா என்று மூன்று தடவை கேட்டார். ஒரு தட்டு சோறு பேசாமல் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினார். கைகழுவியபிறகு, நான் மீனுக்குத் துரோகம் செய்துவிட்டதாக அறிவித்துவிட்டுப் போனார்.

அண்ணன் போன். வழக்கமான பாட்டு.

"கொடி, அங்க உனக்கு என்ன கெடக்கு? பாஷை புரியாது, சோறு எறங்காது. வந்துரு. மாடி ரூம் அப்படியேதான் இருக்கு. இங்க எங்கயாச்சும் பள்ளிக்கூடத்துல கேட்டுப் பாக்கேன்."

"மாடி ரூம் இருக்கும்ணே. நான்தான் அதுல இருக்க மாட்டேன்."

மதினி பக்கத்திலிருந்து ஏதோ சொன்னது கேட்டது. கோவில்பட்டியில் பதினாலு வருஷம் வேலை பார்த்த பள்ளியை மூடினார்கள். அன்றைக்கே மாடி அறைக்குப் போயிருந்தால் அண்ணன் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொண்டு கிழவியாகியிருப்பேன். இங்கே கஷ்டம்தான். ஆனால் நானே தேடிக்கொண்ட கஷ்டம்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரே ஆத்திரம். எழுதிவிட்டால் அடங்கும்.

விளம்பரம் மதியம் மாணவர்களின் வாட்ஸப் குழுவுக்கு வந்தது. என் முகம். என் புடவை. நான் பலகையில் எழுதுகிறேன், திரும்புகிறேன், வாயைத் திறக்கிறேன். வருவது வேறொரு பெண்ணின் குரல். விமானத்தில் இடுப்புப் பட்டை கட்டச் சொல்வார்களே, அந்தக் குரல். என் உதடுகளோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

அடுத்து ஷர்மிஷ்டா. கண் கலங்கி நிற்கிறாள். பின்னால் வயலின். அவள் வாயிலிருந்து அதே விமானக் குரல்: முன்பெல்லாம் எனக்கு ஆங்கிலம் என்றால் பயம், இந்த நிலையத்துக்கு வந்தேன், இப்போது யாரிடமும் பயமில்லை.

பெரியவர் இல்லை. மணிக்கட்டு இல்லை. அவள் அன்று சொன்ன ஒரு வார்த்தைகூட இல்லை.

மாலை வகுப்புக்கு முதல் ஆளாக வந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். "மிஸ், திஸ் இஸ் நாட் யூ." கொஞ்சம் பொறுத்து, "தட் இஸ் நாட் மீ ஆல்சோ." மாமியார் பார்த்துவிட்டு நல்ல குரல், யாருடையது என்று கேட்டாராம்.

வகுப்பு முடிந்ததும் செ. சார் அறை. கத்தவில்லை. கத்தக்கூடாது என்று படியிலேயே முடிவு செய்திருந்தேன். அவரும் மரியாதையாகத்தான் பேசினார். இதில் தனிப்பட்ட விஷயம் எதுவும் இல்லையாம். பணம் கட்டி வருகிறவர்கள் பொதுவான உச்சரிப்பை எதிர்பார்க்கிறார்களாம், தென்னிந்திய வாடை அடித்தால் தயங்குகிறார்களாம். நான் பாடம் நடத்துவதில் குறை ஒன்றும் இல்லை, கேட்பதற்குத்தான் கொஞ்சம். விளம்பரத்தில் சாவைப் பற்றி யாராவது பேசுவார்களா மேடம் என்றும் கேட்டார்.

வாடை. கடுகெண்ணெயில் குளிக்கிற ஊரில் என் பேச்சுக்கு வாடை.

ஒன்று எங்கள் குரலைப் போடுங்கள், இல்லாவிட்டால் எங்கள் முகத்தை எடுங்கள் என்றேன். நாளை பேசலாம் என்றார்.

மாஷிமா இரவுச் சாப்பாடு அனுப்பினார். தொடவில்லை.

ஜூலை 23, புதன்

தூறல். தலைவலி மாத்திரை ஒன்று.

செ. சார் பேசினார். படத்துக்குச் செலவாகிவிட்டதாம். இன்னும் நான்கு படம் இதே மாதிரி வரப்போகிறதாம். நான் உணர்ச்சிவசப்படுகிறேனாம். மாலை வகுப்பு எனக்குச் சுமையாக இருந்தால் வேறு ஆள் பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். மிரட்டல்தான். நல்ல ஆங்கிலத்தில்.

வகுப்பில் எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொன்னேன். எல்லோரும் என் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. தத்தா, மன்னிக்கணும் மிஸ், அந்தக் குரல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பொய் சொல்லாததற்காகத் தத்தாவை மதிக்கிறேன். கோபமும் இருக்கிறது.

ஷர்மிஷ்டா படியில் காத்திருந்தாள். விட்டுவிடுங்கள் மிஸ் என்றாள். தேர்வு வருகிறது. உங்களை மாலை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டால் நான் யாரிடம் போவேன்.

என் ரோஷத்துக்கு இவள் தேர்வைப் பணயம் வைக்க முடியுமா. மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும்? தேர்வு அறையில் அவளை ஒருவர் கேள்வி கேட்பார். உன் குரல் காட்ட லாயக்கில்லாதது என்று நிலையமே சொல்லிவிட்டது. அவள் மிஸ்ஸும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். அந்தத் தொண்டை எப்படித் திறக்கும்?

விட மாட்டேன்.

ஜூலை 24, வியாழன்

காலை பத்துக்குள் டாலிகஞ்ச் ஸ்டுடியோ பக்கம். குரல் சேர்த்த இடத்தின் பெயரைக் காமிராக்காரரிடம் நேற்றே கேட்டுவிட்டேன். அவர் தயங்காமல் சொன்னார். ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. ஜெனரேட்டர், ஈரச் சாக்கு வாசம்.

அந்தக் குரல் ரும்னா என்ற பெண்ணுடையது. என் வயதுதான் இருக்கும். சீரியல்களுக்குக் குரல் கொடுப்பவள். கழுத்தில் மஃப்ளர். ஜூலையில். கேட்டால் தொண்டைக்கு என்றாள். நேரில் பேசும்போது விமானக் குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. எனக்கு அரைகுறை ஹிந்தி, அவளுக்குத் திக்கல் ஆங்கிலம், நடுவே வங்காளி. எப்படியோ புரிந்தது.

என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். திரையில் என் முகத்தை ஒரு நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாளே. தீதி என்றுதான் கூப்பிட்டாள், அக்கா. மூலப் பதிவில் சத்தம் கெட்டுவிட்டது, டீச்சருக்குச் சம்மதம்தான் என்று சொல்லி வேலை வாங்கியிருக்கிறார்கள்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான் தீதி. ஹெட்போன்ல உங்க குரல் கேட்டுக்கிட்டேதான் பேசினேன். எதுவும் கெட்டுப் போகலை. அந்த நர்ஸ் பேசினதைக் கேட்டுட்டு வெளியே போய் உட்கார்ந்துட்டேன். அதுக்கு மேல இதைப் பேசச் சொன்னாங்க. பேசினேன்."

அவளிடம் சண்டை போடத்தான் போயிருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீ வந்தது. எத்தனையோ பெண்களுக்கு இவள் குரல் கொடுத்திருக்கிறாள். கடையில் பேசினால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்களாம், எங்கே கேட்டோம் என்று பிடிபடாமல். பெயர் எங்கேயும் வருவதில்லை. அதைப் பற்றிப் புகார் இல்லை, அது தொழில் என்றாள். ஆனால் சீரியலில் நடிக்கிறவளுக்குத் தெரிந்துதான் குரல் மாறும். தெரியாமல் எடுப்பது வேறு.

மூலப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாள். என் குரலை இப்படி நான் கேட்டதே இல்லை. கனம். "ர" எல்லாம் உருண்டு வருகிறது. "யெம்" இருக்கிறது. கோவில்பட்டி இருக்கிறது. ஒரு வார்த்தையும் புரியாமல் போகவில்லை.

என் எதிரிலேயே செ. சாருக்குப் போன் போட்டாள். வங்காளியில் பேச்சு, நான் பிடித்தது பாதி. மீதி நான்கு படத்துக்கும் குரல் கொடுக்க மாட்டேன், அந்த டீச்சரும் நர்ஸும் நேரில் சரி என்று சொன்னால் பார்க்கலாம். குரல் உயரவே இல்லை. வைத்துவிட்டு மஃப்ளரைச் சரி செய்துகொண்டாள். உங்களுக்கு வருமானம் போகுமே என்றேன். சீரியல் ஓடுகிறது தீதி, மாமியார்கள் சாகும்வரை எனக்கு வேலை உண்டு என்றாள்.

ஷர்மிஷ்டாவின் பகுதியை, அவள் சொந்தக் குரலில், போனுக்கு ஏற்றித் தந்தாள். மாலை வகுப்புக்கு முன் அவளிடம் காட்டினேன். படியில் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டாவது முறையும் பார்த்தாள். பிறகு எழுந்து, என்னைக் கேட்காமல், நேரே செ. சார் அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"சார், ஐ ஸ்போக். யூ ரிமூவ்ட். புட் மை வாய்ஸ், ஆர் ரிமூவ் மை ஃபேஸ்."

அவ்வளவுதான் சொன்னாள். எதிரே ஆள் உட்கார்ந்திருந்தார். தொண்டை அடைக்கவில்லை.

ஜூலை 26, சனி

கொட்டும் மழை. மின்சாரம் போய் வந்தது.

பழைய படத்தை நீக்கிவிட்டார்கள். திங்களுக்குள் புதியது வரும், என் குரலோடு. ஷர்மிஷ்டா பகுதி கிடையாது. விளம்பரத்தில் சாவு கூடாது என்பதில் செ. சார் அசையவில்லை. அவளைக் கேட்டேன். முழுதாகப் போடாவிட்டால் வேண்டவே வேண்டாம், என்னிடம் இருக்கிறது, போதும் என்றாள். மாமியாருக்குப் போட்டுக் காட்டினாளாம். ஆங்கிலம் தெரியாத அந்தம்மா, இதுதான் நம்ம மருமகள் என்றாராம்.

எனக்குத் தண்டனை உண்டு. திங்கள் முதல் மாலை வகுப்பு போச்சு. காலை ஆரம்ப வகுப்பு. ஏ, பி, சி-யிலிருந்து. செ. சார் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். நிர்வாக வசதிக்காகவாம். எடுக்கிறேன் சார் என்றேன். அவர் எதிர்பார்த்தது ராஜினாமா என்று நினைக்கிறேன். கொடுக்க மாட்டேன். என்னைப் போகச் சொல்ல வேண்டுமானால் அவர் வாயால் சொல்லட்டும்.

அண்ணனிடம் சொன்னேன். "அடங்கவே மாட்ட போலருக்கே" என்றான். இல்லை என்றேன். சிரித்துவிட்டான். வருஷக்கணக்கில் அவனை அப்படிச் சிரிக்கக் கேட்டதில்லை.

ஷர்மிஷ்டாவுக்கு இனி என் வீட்டில் பாடம். இன்றே முதல் நாள். மழையில் நனைந்து வந்தாள். மாஷிமா துண்டு கொடுத்தார், பொரி கொடுத்தார், பிறகு எழுந்து போகவே இல்லை. கேள்வி கேட்கும் வெள்ளைக்காரராக அவரையே உட்கார வைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிகக் கடுமையாக முறைத்தார். கேட்டது எல்லாம் வங்காளியில். ஷர்மிஷ்டா பதில் எல்லாம் ஆங்கிலத்தில். பரவாயில்லாமல் போனது.

நாளை வாங்க: கேஸ் லைட்டர், ஈரத்துக்குக் கற்பூர உருண்டை.

ஜூலை 30, புதன்

மேகமூட்டம். காலை வகுப்பு. பதினோரு பேர். ஒருவர் கிடர்பூர் துறைமுகத்தில் சுமை எண்ணுகிறவர், ஐம்பது தாண்டியவர். "யெம்" என்று நான் சொல்ல, எல்லோரும் "யெம்" என்றார்கள். நிறுத்தி, எங்கள் ஊரில் இப்படி, வேறு ஊரில் "எம்", இரண்டும் காதில் விழட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். புதிய படம் வந்த பிறகு சேர்ந்தவர்கள் இதில் யாராவது உண்டா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஷர்மிஷ்டாவுக்கு இன்றுதான் தேர்வு. மத்தியானம் வரை போன் இல்லை. இரண்டு தடவை சோற்றைக் குழைய விட்டேன்.

மூன்று மணிக்கு நேரிலேயே வந்துவிட்டாள். யூனிஃபார்மோடு. ட்யூட்டிக்குப் போகிற வழி, உட்கார நேரமில்லை. முடிவு வர நாளாகும். எப்படிப் பேசினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு இடத்தில் மட்டும் கேள்வி கேட்ட அம்மா நிறுத்தி, நீ சொன்ன வார்த்தை புரியவில்லை, இன்னொரு முறை சொல் என்றாராம். என்ன செய்தாய் என்றேன்.

"அதையேதான் சொன்னேன் மிஸ். இன்னும் சத்தமா."